பாய்மரக் கப்பல்கள் கூடும் நாள்களில் தொண்டு செய்ய வருவோருக்கு: வட சென்னைக்காரர்களுக்கான வழிகாட்டி

பாய்மரக் கப்பல்கள் ஒரு துறைமுகத்தில் கூடும்போது அவற்றைக் காண வரும் கூட்டத்தைக் கப்பலின் மாலுமிகளே சமாளித்துவிட முடியாது. வரிசையை ஒழுங்குபடுத்தவும், ஏறுபாலத்தின் அடியில் நின்று கைகொடுக்கவும், அருங்காட்சியகக் கூடத்தில் விளக்கம் சொல்லவும், வெளிநாட்டிலிருந்து வந்த பயிற்சி மாலுமிக்கு மருந்துக் கடையைக் காட்டவும் கரையில் ஆள்கள் வேண்டும். இத்தகைய கூடல்களை நடத்தும் கடல்சார் அருங்காட்சியகங்கள் இவ்வேலைகளுக்குப் பெரும்பாலும் தன்னார்வலர்களையே நம்பியிருக்கின்றன. ராயபுரம், காசிமேடு, தண்டையார்பேட்டை, திருவொற்றியூர் பக்கத்திலிருந்து முதன்முறையாக இப்பணிக்கு வர நினைக்கும் மாணவர்களையும், ஓய்வுபெற்ற துறைமுக ஊழியர்களையும், மீனவக் குடும்பத்துப் பிள்ளைகளையும் மனத்தில் வைத்து இதை எழுதுகிறேன். பெரிய கூடலாக இருந்தாலும், கடற்படை நாளான டிசம்பர் 4-ஐ ஒட்டியோ தேசியக் கடல்சார் நாளான ஏப்ரல் 5-ஐ ஒட்டியோ ஒரே ஒரு கப்பல் மக்கள் பார்வைக்குத் திறக்கப்படுவதாக இருந்தாலும், கரையில் நிற்பவரின் வேலை ஏறத்தாழ ஒன்றுதான்.

ஒன்றைத் தொடக்கத்திலேயே சொல்லிவிட வேண்டும். வேறு ஊர்களில் தன்னார்வலர் கடலை அறியாதவர்களுக்குக் கடலைக் காட்டுகிறார். இங்கே அப்படியில்லை. வரிசையில் நிற்கும் பெரியவர் நாற்பது வருடம் கடலில் போய் வந்தவராக இருக்கலாம். குழந்தையைத் தூக்கிக்கொண்டு நிற்கும் அம்மா விடியற்காலையில் மீன் ஏலத்தில் நின்றுவிட்டு வந்திருக்கலாம். இவர்களுக்குப் பாடம் நடத்தப் போகிறோம் என்ற எண்ணத்தோடு வருபவர் முதல் நாளிலேயே இடறுவார். பத்திரமாக ஏற்றி இறக்குவது, தெரிந்ததை உண்மையாகச் சொல்வது, அவர்கள் சொல்வதைக் காதுகொடுத்துக் கேட்பது ஆகிய மூன்றும்தான் இந்த வேலை.

எந்தப் பணியைக் கேட்டு வாங்குவது

பெயர் கொடுக்கும்போது 'எந்த வேலையானாலும் சரி' என்று எழுதாதீர்கள். அமைப்பாளர்களுக்கு அது உதவாது. வெயிலில் நான்கு மணி நேரம் நிற்க உங்கள் உடம்பு இடம் கொடுக்குமா, கூட்டத்தில் குரலை உயர்த்திப் பேச வருமா, எந்தெந்த மொழிகள் தெரியும் என்பவற்றைத் தெளிவாக எழுதுங்கள். வட சென்னையில் தமிழோடு தெலுங்கும் உருதும் இந்தியும் வீட்டு மொழியாக இருப்பவர்கள் பலர். வண்ணாரப்பேட்டையிலும் மண்ணடியிலும் சௌகார்பேட்டையிலும் வளர்ந்த ஒருவருக்கு இரண்டு மூன்று மொழிகளில் பேசுவது இயல்பாக வரும். ஆனால் அது ஒரு தகுதி என்று அவருக்கே தோன்றியிருக்காது. விண்ணப்பத்தில் அதை முதல் வரியாகவே எழுதலாம்.

பணிகள் பலவகைப்படும்: வரிசை, ஏறுபாலம், தகவல் மேசை, அருங்காட்சியகக் கூடம், காணாமற்போன குழந்தைகளைக் கவனிக்கும் இடம், முதலுதவி, கப்பலுக்கான துணையாள். கடைசியாகச் சொன்னதைப் புதியவர்கள் எல்லோரும் விரும்புவார்கள். அது மிகக் கடினமானது, அதைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன். முதல் ஆண்டு வருபவர் வரிசைப் பணியில் தொடங்குவதே நல்லது என்பது என் கருத்து. மக்கள் என்ன கேட்கிறார்கள், எதைக் கண்டு தயங்குகிறார்கள் என்பது வரிசையில் நின்றால்தான் தெரியும்.

அனுமதிச் சீட்டு

துறைமுகம் பாதுகாக்கப்பட்ட பகுதி. 2004 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பன்னாட்டுக் கப்பல், துறைமுகப் பாதுகாப்பு விதிகளின்படி, உள்ளே வரும் ஒவ்வொருவரையும் பற்றிய விவரம் வாயிலில் இருக்க வேண்டும். சென்னைத் துறைமுகத்தின் வாயில்களில் மத்திய தொழில் பாதுகாப்புப் படையினர் நிற்கிறார்கள். அவர்களுக்கு உங்கள் ஆர்வம் முக்கியமில்லை, சீட்டில் உள்ள பெயரும் கையில் உள்ள அடையாள அட்டையும் பொருந்துகின்றனவா என்பதே முக்கியம். ஆகவே விண்ணப்பத்தில் பெயரை ஆதார் அட்டையில் உள்ள எழுத்துகளிலேயே எழுதுங்கள். அப்பாவின் பெயர் முதலெழுத்தாக முன்னால் இருக்கிறதா, பின்னால் முழுப் பெயராக இருக்கிறதா என்ற ஒரு வேறுபாடே காலையில் ஒரு மணி நேரத்தை விழுங்கிவிடும். பதினெட்டு வயது நிரம்பாதவர்கள் பெற்றோரின் கையெழுத்திட்ட கடிதத்தை முன்கூட்டியே கொடுத்துவிட வேண்டும்.

உள்ளே எங்கே படம் எடுக்கலாம், எங்கே கூடாது என்பதை முதல் நாள் விளக்கக் கூட்டத்தில் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். கடற்படைக் கப்பல்களில் சில பகுதிகளை எவரும் படமெடுக்கக் கூடாது. தன்னார்வலரே கைபேசியை நீட்டிக்கொண்டிருந்தால், பார்வையாளரிடம் 'எடுக்காதீங்க' என்று எப்படிச் சொல்ல முடியும்?

வந்து சேர்வதற்கு மெட்ரோவே உத்தமம். விம்கோ நகரிலிருந்து வரும் மெட்ரோ திருவொற்றியூர், தண்டையார்பேட்டை, வண்ணாரப்பேட்டை வழியாக மண்ணடிக்கும் உயர்நீதிமன்றத்துக்கும் வந்துவிடுகிறது. மின்சார ரயிலில் வருவோருக்கு ராயபுரமும் கடற்கரை நிலையமும் இருக்கின்றன. எண்ணூர் விரைவுச் சாலையில் இருசக்கர வண்டியில் வருவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். துறைமுகத்துக்குள் நுழையக் காத்திருக்கும் கண்டெய்னர் லாரிகளின் வரிசைக்கு நடுவே, அதிகாலை அரையிருட்டில், ஓட்டுநரின் கண்ணுக்குப் படாமல் போவது பெரிய ஆபத்து.

உடையும் கையில் வேண்டியவையும்

பருத்தி உடை, விளிம்புள்ள தொப்பி, மூடிய காலணி. காலணியின் அடிப்பாகம் மெத்தென்ற ரப்பராக இருக்க வேண்டும். கூர்மையான குதிகால் மரத்தளத்தில் குழி விழச் செய்யும். பல பாய்மரக் கப்பல்களின் மேல்தளம் தேக்குப் பலகை. அதைத் தினமும் துடைத்துக் கழுவும் பயிற்சி மாலுமிகள் அந்தக் குழி ஒவ்வொன்றையும் பார்ப்பார்கள். துப்பட்டாவையும் புடவைத் தலைப்பையும் ஊசி குத்தி அடக்கிக்கொள்ளுங்கள், ஏறுபாலத்தின் கைப்பிடிக் கயிற்றில் மாட்டிக்கொள்ளும். குடை வேண்டாம். கடற்காற்றில் குடை திரும்பினால் பின்னால் நிற்பவரின் கண்ணைக் குத்தும். தண்ணீர்ப் புட்டி, உப்புச் சர்க்கரைக் கரைசல் பொட்டலம் இரண்டு, சிறு குறிப்பேடு, பேனா போதும்.

கப்பலைப் படித்துவிட்டு வாருங்கள்

விழாவுக்கு முந்தைய வாரத்தில், வரப்போகும் கப்பல்களைப் பற்றி இரண்டு மாலைகள் செலவிட்டுப் படியுங்கள். எல்லாவற்றையும் அல்ல, பாய் தாங்கும் செங்குத்து மரங்கள் எத்தனை, பாய்கள் எந்த வகை, எந்த ஆண்டு கட்டப்பட்டது, யாருக்குப் பயிற்சி தருகிறது என்பவை போதும்.

பாய்மரக் கப்பல்களைப் பாய்கள் தொங்கும் முறையை வைத்துப் பிரிக்கிறார்கள். மரத்துக்குக் குறுக்காகக் கிடைமட்டத்தில் மாட்டிய கழிகளிலிருந்து தொங்குபவை சதுரப் பாய்கள். கப்பலின் நீளவாக்கில், மரத்தின் ஒரு பக்கமாக விரிபவை நெடுக்குப் பாய்கள். எல்லா மரங்களிலும் சதுரப் பாய் இருந்தால் முழுப்பாய்க் கப்பல். கடைசி மரத்தில் மட்டும் நெடுக்குப் பாயும் மற்றவற்றில் சதுரப் பாயும் இருந்தால் பார்க். எல்லா மரங்களிலும் நெடுக்குப் பாயே முதன்மையாக இருந்தால் ஸ்கூனர். இந்த மூன்றை அறிந்திருந்தால் துறைமேடையில் நின்று பார்க்கும்போதே பெரும்பாலான கப்பல்களை அடையாளம் சொல்லிவிடலாம்.

நம் கடற்படையின் ஐ.என்.எஸ். தரங்கிணி மூன்று மரங்களுள்ள பார்க். முன்மரத்திலும் நடுமரத்திலும் சதுரப் பாய்கள், பின்மரத்தில் நெடுக்குப் பாய். கோவா கப்பல் கட்டும் தளத்தில் உருவாகி 1997 நவம்பரில் படையில் சேர்ந்தது. நீளம் 54 மீட்டர், பாய்கள் இருபது. 2003-04இல் உலகைச் சுற்றி வந்தது. அதே வடிவில் கட்டப்பட்ட ஐ.என்.எஸ். சுதர்சினி 2012 ஜனவரியில் சேர்ந்தது. இரண்டுக்கும் தாய்த்துறை கொச்சி. வெளிநாட்டுக் கப்பல்களில் இத்தாலியின் அமெரிகோ வெஸ்புச்சி 1931இல் கட்டப்பட்டு இன்றும் பயிற்சி தருகிறது.

'இந்தக் காலத்தில் எதற்குப் பாய்?' என்று ஒருவராவது கேட்பார். நல்ல கேள்வி, பதிலைத் தயாராக வைத்திருங்கள். சரக்கு ஏற்றுவதற்கு அல்ல, ஆள்களைப் பயிற்றுவிப்பதற்கே இவை ஓடுகின்றன. காற்றின் திசையையும் அலையின் போக்கையும் உடம்பால் உணர்ந்து, பத்துப் பேர் ஒரே கயிற்றை ஒரே நேரத்தில் இழுத்து, இருட்டில் மேலே ஏறிப் பாயைச் சுருட்டிக் கட்டிய ஒருவர் பின்னாளில் எந்தக் கப்பலில் நின்றாலும் நிதானமாக முடிவெடுப்பார் என்ற நம்பிக்கையில்தான் பல நாடுகள் இச்செலவைச் செய்கின்றன. 1956இல் இங்கிலாந்தின் டார்பேயிலிருந்து லிஸ்பனுக்கு நடந்த ஓட்டப் போட்டியிலிருந்து வளர்ந்த பன்னாட்டுப் பாய்மரக் கப்பல் போட்டிகளில், மாலுமிகளில் பாதிப் பேராவது 15 முதல் 25 வயதுக்குட்பட்டவர்களாக இருக்க வேண்டும் என்பது விதி. வரிசையில் நிற்கும் பன்னிரண்டாம் வகுப்பு மாணவனிடம் இதைச் சொல்லிப் பாருங்கள், அவன் கப்பலைப் பார்க்கும் பார்வையே மாறிவிடும்.

பெண்பிள்ளைகள் 'நாங்க போகலாமா?' என்று கேட்கும்போது பொதுவாக 'போகலாம்மா' என்று சொல்லிவிட்டு நகராதீர்கள். புதுச்சேரியைச் சேர்ந்த கடற்படை அதிகாரி ரூபா அழகிரிசாமி, சக அதிகாரி தில்னாவுடன் இருவர் மட்டுமாக, ஐ.என்.எஸ்.வி. தாரிணி என்ற பாய்ப்படகில் 2024 அக்டோபரில் கோவாவிலிருந்து புறப்பட்டு உலகைச் சுற்றி 2025 மே மாதம் திரும்பினார் என்று பெயரோடு சொல்லுங்கள்.

காற்றுக்கு எதிராகக் கப்பல் எப்படிப் போகும் என்று குழந்தைகள் கேட்பார்கள். நேராகப் போகாது. சதுரப் பாய்க் கப்பல் காற்று வரும் திசையிலிருந்து ஏறத்தாழ அறுபது பாகை விலகி ஒரு பக்கமாகச் சாய்ந்து போய், பின் திரும்பி மறுபக்கமாகச் சாய்ந்து போய், இப்படி வளைந்து வளைந்து முன்னேறும். துறைமேடைத் தரையில் சுண்ணக்கட்டியால் ஒரு கோடு போட்டு, குழந்தையையே கப்பலாக நடக்கச் சொன்னால் ஒரு நிமிடத்தில் புரிந்துவிடும்.

ஏறுபாலம்

விபத்து நடந்தால் பெரும்பாலும் நடப்பது இங்கேதான். ஆகவே இந்தப் பகுதியைக் கொஞ்சம் நிறுத்திப் படியுங்கள்.

கயிற்றால் துறைமேடையோடு கட்டியிருக்கும் கப்பல் அசையாமல் நிற்பதாகக் கரையிலிருந்து பார்ப்பவருக்குத் தோன்றும். சென்னையில் ஓதத்தால் கடல்மட்டம் ஏறி இறங்குவது ஏறத்தாழ ஒரு மீட்டர்தான். ஆனால் அலைத்தடுப்புச் சுவரைத் தாண்டி உள்ளே வரும் நீண்ட அலைவு கப்பலை மெல்ல முன்னும் பின்னும் நகர்த்திக்கொண்டே இருக்கும். ஏறுபாலத்தின் மேல் முனை கப்பலில் கட்டப்பட்டிருக்கும்; கீழ் முனையில் உருளை அல்லது சிறு சக்கரம் இருக்கும். கப்பல் நகரும்போது அந்த உருளை துறைமேடையின் தரையில் அரை அடி முன்னால் வரும், பின்னால் போகும். சத்தமே இருக்காது. செருப்புக் காலை அதன் அருகில் வைத்திருப்பவர் அதைக் கவனிக்கவே மாட்டார். அதனால் உருளையைச் சுற்றி ஓர் எல்லைக் கோடு போட்டு, எவரும் அதற்குள் நிற்காமல் பார்த்துக்கொள்வது அடியில் நிற்பவரின் முதல் வேலை. கோடு போடச் சொல்லி அதிகாரியிடம் கேட்கத் தயங்க வேண்டாம்.

ஒருவர் ஏறும்போது 'பார்த்து' என்று மட்டும் சொன்னால் அவர் உங்களைத்தான் பார்ப்பார். 'அம்மா, வலது கையால கயித்தப் பிடிச்சிக்குங்க, காலடியில பலகைக் கட்டை இருக்கு, அதுமேல மிதிச்சி ஏறுங்க' என்று செய்ய வேண்டியதைச் சொல்லுங்கள். கைக்குழந்தையோடு வருபவரின் இரு கைகளில் ஒன்றாவது கயிற்றைப் பிடிக்கக் காலியாக இருக்க வேண்டும். பையை நீங்கள் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். ஏறுவோரும் இறங்குவோரும் ஒரே நேரத்தில் பாலத்தில் இருக்கக் கூடாது. மேலே நிற்கும் மாலுமியும் கீழே நிற்கும் நீங்களும் கைச் சைகையை முன்பே பேசி வைத்துக்கொள்ள வேண்டும். ஒரு நேரத்தில் பாலத்தில் எத்தனை பேர், கப்பலில் எத்தனை பேர் என்பதைக் கப்பலின் அதிகாரி சொல்வார், அந்த எண்ணைக் கூட்டும் உரிமை வேறு எவருக்கும் இல்லை. முக்கியப் பிரமுகரின் கார் வந்து நின்றாலும் அதுதான் நிலை.

கட்டுக்கயிறுகளைப் பற்றியும் எச்சரிக்கை வேண்டும். கப்பலைத் துறைமேடையின் இரும்புக் குற்றிகளோடு பிணைத்திருக்கும் தடித்த கயிறுகள் இழுவிசையில் விறைத்திருக்கும். அறுந்தால் அவை சுண்டித் திரும்பும் வேகத்தில் நிற்பவரின் எலும்பு முறிந்துவிடும், உயிரும் போகலாம். படம் எடுப்பதற்காக இரும்புக் குற்றியின்மேல் குழந்தையை உட்கார வைப்பதை நம் மக்கள் மிகவும் விரும்புவார்கள். கண்டிப்பாக, ஆனால் முகம் சுளிக்காமல், தடுத்துவிடுங்கள். படம் எடுக்க நல்ல இடம் ஒன்றை நீங்களே முன்பே பார்த்து வைத்து அங்கே அழைத்துப் போனால் சண்டை வராது. கயிறுகளில் வட்டத் தகடுகள் மாட்டியிருப்பதைப் பார்த்து எதற்கென்று கேட்பார்கள். கரையிலிருந்து எலிகள் கயிறு வழியாகக் கப்பலுக்குள் ஏறாமல் தடுப்பதற்கு.

யாராவது தண்ணீரில் விழுந்தால் குதிக்காதீர்கள், நீச்சலில் எவ்வளவு தேர்ந்தவராக இருந்தாலும். கப்பலின் பக்கச் சுவருக்கும் துறைமேடைக்கும் நடுவே உள்ள இடைவெளி எந்த நேரமும் நெருங்கலாம். உரக்கக் கூவுங்கள்; உயிர்காப்பு வளையத்தை எறியுங்கள்; விழுந்தவரை நோக்கி நீட்டிய விரலை எடுக்காமல் நில்லுங்கள். மற்றதை மாலுமிகள் செய்வார்கள். வளையம் எங்கே தொங்குகிறது என்று பணியேற்கும்போதே பார்த்துக்கொள்ள வேண்டும்.

சக்கர நாற்காலியில் வருவோரும், முழங்கால் வலியுள்ள பெரியவர்களும் செங்குத்தான பாலத்தில் ஏற முடியாது. 'முடியாது' என்ற சொல்லோடு அவர்களைத் திருப்பி அனுப்புவது எனக்குப் பொறுக்காத காரியம். துறைமேடையில் கப்பல் முழுவதும் தெரியும் ஓரிடத்தில் நிழலில் அமர வைத்து, ஒரு பயிற்சி மாலுமியைக் கீழே அழைத்து வந்து பேசச் செய்யலாம். ஒரு துண்டுக் கயிறும், பாய்த் துணியின் கிழிசல் ஒன்றும், கயிற்றைச் சுற்றிக் கட்டும் மரமுளை ஒன்றும் கையில் கொடுத்தால் பார்வையற்றவரும் கப்பலை அறிவார். இவற்றை அமைப்பாளர்களிடம் முன்கூட்டியே கேட்டு வாங்கி வையுங்கள்.

வரிசை

வரிசையில் நிற்பவருக்கு வேண்டியது ஓர் எண்: இன்னும் எவ்வளவு நேரம்? இதைக் கணக்கிடலாம். கப்பலில் ஒரு நேரத்தில் அறுபது பேர், ஒருவர் சுற்றிப் பார்க்க இருபது நிமிடம் என்றால் மணிக்கு நூற்றெண்பது பேர் போய் வருவார்கள். மூடுவதற்கு இரண்டு மணி நேரம் இருக்கும்போது வரிசையில் முந்நூற்றறுபதாவது ஆள்தான் கடைசி. அவருக்குப் பின்னால் வருபவரிடம் உடனே, பணிவோடு, 'ஐயா, இன்னைக்கு முடியாதுங்க, நாளைக்குக் காலையில சீக்கிரம் வாங்க' என்று சொல்லிவிட வேண்டும். இரண்டு மணி நேரம் வெயிலில் நிற்க வைத்துவிட்டுப் பிறகு கதவை மூடுவது பெரிய அநியாயம். பாடியநல்லூரிலிருந்தும் எண்ணூரிலிருந்தும் பேருந்து ஏறிக் குடும்பத்தோடு வந்திருப்பார்கள்.

கர்ப்பிணிகள், கைக்குழந்தைக்காரர்கள், முதியவர்கள் ஆகியோருக்குத் தனி நுழைவு இருந்தால் அதை எல்லோருக்கும் கேட்கும்படி அறிவித்துவிட்டுச் செய்யுங்கள். சொல்லாமல் செய்தால் தெரிந்தவர்களை விடுகிறார்கள் என்ற பேச்சு கிளம்பும்.

அருங்காட்சியகக் கூடத்தில்

கூடத்தில் உள்ள மாதிரிக் கப்பல்களுக்கும் வரைபடங்களுக்கும் முன்னால் நிற்கும் தன்னார்வலருக்குத் தெரிந்திருக்க வேண்டிய வரலாறு இந்தக் கரையின் வரலாறுதான். உலகக் கப்பல் வரலாறு எழுதிய பலகைகளை அவர்களே படித்துக்கொள்வார்கள்.

சென்னைக்கு இயற்கைத் துறைமுகம் கிடையாது. துறைமுகம் கட்டுமுன் கப்பல்கள் அலையுடைக்கும் இடத்துக்கு வெளியே நங்கூரமிட்டு நிற்கும். ஆள்களும் சரக்கும் மசூலாப் படகுகளில் கரைக்கு வரும். அந்தப் படகின் மாதிரி உங்கள் கூடத்தில் இருந்தால் அதன் அருகில் நில்லுங்கள், அதைவிட நல்ல இடம் இல்லை. பலகைகளின் ஓரத்தில் வரிசையாகத் துளையிட்டு, இடையில் நார் வைத்து, தேங்காய் நார்க் கயிற்றால் தைத்திருப்பார்கள். ஆணி கிடையாது. உள்ளே குறுக்குச் சட்டங்களும் கிடையாது. அலை தூக்கி மணலில் அறையும்போது தையல் இளகிக் கொடுத்துப் படகு வளையும், உடையாது. ஆணி அடித்த வெளிநாட்டுப் படகு அதே அடியில் பிளந்துவிடும். இதை வாயால் சொல்வதைவிட ஒரு பலகை மூட்டின்மேல் விரலை வைத்துத் தையலின் போக்கைக் காட்டுவது நல்லது. அதே தையல் முறையில், அஜந்தா ஓவியத்தில் உள்ள கப்பலை அடிப்படையாக வைத்துக் கேரளக் கைவினைஞர்கள் கட்டிய ஐ.என்.எஸ்.வி. கௌண்டின்யா 2025 மே மாதம் கார்வாரில் கடற்படையில் சேர்க்கப்பட்டது என்று தொடர்ந்து சொன்னால், மாதிரிப் படகு பழம்பொருளாக நின்றுவிடாமல் இன்றைக்கு வந்துவிடும்.

பிறகு துறைமுகத்தின் கதை. 1861இல் கடலுக்குள் நீண்ட இரும்புப் பாலம் ஒன்று வந்தது. 1875இல் அலைத்தடுப்புச் சுவர்களின் வேலை தொடங்கியது. 1881 புயல் அவற்றைப் பெரிதும் அழித்தது. மீண்டும் கட்டினார்கள். கிழக்கு நோக்கியிருந்த வாயிலில் மணல் சேர்ந்து தொல்லை கொடுத்ததால், 1904இல் துறைமுகத் தலைவராகப் பொறுப்பேற்ற பிரான்சிஸ் ஸ்ப்ரிங் அதை மூடி வடகிழக்கில் புதிய வாயில் அமைத்தார். 1914 செப்டம்பர் 22 இரவு ஜெர்மானியப் போர்க்கப்பல் எம்டன் குண்டு வீசியதில் துறைமுகத்தருகே இருந்த எண்ணெய்த் தொட்டிகள் எரிந்தன. எம்டன் என்றதும் பெரியவர்கள் தங்கள் தாத்தா பாட்டி சொன்னதைச் சொல்லத் தொடங்குவார்கள், குறுக்கே பேசாதீர்கள். கலங்கரை விளக்கத்தின் இடமாற்றமும் சுவையானது: 1796இல் இன்றைய கோட்டை அருங்காட்சியகக் கட்டடத்தின் மேல், 1844இல் இன்றைய உயர்நீதிமன்ற வளாகத்தில் தனித் தூணில், 1894இல் உயர்நீதிமன்றக் கோபுரத்தின் உச்சியில், 1977இல் மெரினாவில்.

இந்தக் கதையைப் பெருமைக் கதையாக மட்டும் சொல்லி முடிப்பதை நான் ஏற்கவில்லை. நம் கரையோரமாக ஆண்டின் பெரும்பகுதி மணல் தெற்கிலிருந்து வடக்கே நகர்கிறது. துறைமுகச் சுவர் அதை மறித்தது. தெற்கே மணல் குவிந்து மெரினா அகன்றது. வடக்கே மணல் வராமல் ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை கடல் கரையைத் தின்றது. இன்று அங்கே கரையென்று இருப்பது பெரும்பாலும் கருங்கல் குவியல். பார்க்க வருபவர்களில் பலர் வீட்டையும் கட்டுமரம் ஏற்றிவைத்த மணலையும் இழந்த குடும்பத்தினர். துறைமுகம் ஊருக்குச் செய்ததைச் சொல்லும் வாயால் வட கரைக்குச் செய்ததையும் சொல்லியாக வேண்டும். விளக்கப் பலகையில் அது இல்லாவிட்டால் அமைப்பாளர்களிடம் எழுத்து மூலம் கேளுங்கள்.

கடலில் போய் வந்தவர் ஒருவர் மாதிரிக் கப்பலின் முன் நீண்ட நேரம் நின்றால், 'அண்ணே, நீங்க பாய் கட்டி ஓட்டியிருக்கீங்களா?' என்று கேளுங்கள். எந்திரப் படகு வருவதற்கு முன் பாய் விரித்துப் போனவர்கள் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள். வாடைக் காற்றிலும் கொண்டலிலும் எப்படிப் பாயைத் திருப்பினார்கள் என்று அவர் சொல்வதை, அவர் சம்மதித்தால், அவர் சொல்லிலேயே குறித்துக்கொள்ளுங்கள். பெயரை எழுதலாமா, குரலைப் பதியலாமா என்று தனித்தனியாகக் கேட்க வேண்டும். ஒரு கூடலின் முடிவில் அருங்காட்சியகத்துக்குக் கிடைக்கக்கூடிய மிகப் பெரிய செல்வம் இந்தக் குறிப்புகள்தான் என்று உறுதியாக நம்புகிறேன்.

தெரியாத கேள்விக்குத் 'தெரியலைங்க, கேட்டுச் சொல்றேன்' என்பதே சரியான பதில். ஊகித்துச் சொன்ன ஆண்டு ஒன்று பள்ளிக்கூடக் கட்டுரை வரை போய்விடும்.

கப்பலுக்குத் துணையாக அமர்த்தப்பட்டால்

பெரிய கூடல்களில் ஒவ்வொரு கப்பலுக்கும் ஒருவர் துணையாக இருப்பார். கப்பல் வந்து துறைமேடையோடு பிணைக்கப்படும்போது அங்கே நின்று வரவேற்பதிலிருந்து, புறப்பட்டுப் போகும் வரை அவர்தான் அந்தக் கப்பலுக்கு ஊர். குடிநீர் எப்போது வரும், குப்பையை யார் எடுப்பார்கள், துணி வெளுக்க எங்கே கொடுப்பது, சிம் அட்டை, பணம் எடுக்கும் இயந்திரம், அணிவகுப்புக்கு எத்தனை மணிக்கு எங்கே நிற்க வேண்டும் என்று கேள்விகள் இடைவிடாமல் வரும். அதிகாலையிலும் அழைப்பு வரும். வேலைக்கோ கல்லூரிக்கோ அந்த நாள்களில் விடுப்பு எடுக்க முடியாதவர் இதை ஏற்கக் கூடாது.

முன்பே ஒரு தாள் தயாரித்துவிடுங்கள். அருகிலுள்ள அரசு மருத்துவமனைகள் ஸ்டான்லியும் சென்ட்ரல் எதிரிலுள்ள ராஜீவ் காந்தி மருத்துவமனையும். இரவில் திறந்திருக்கும் மருந்துக் கடை, ஆட்டோவுக்கு நியாயமான கட்டணம், துறைமுக வாயில் மூடும் நேரம் இவையெல்லாம் அதில் இருக்கட்டும். இளம் மாலுமிகளை பர்மா பஜாருக்கு அழைத்துப் போய் அத்தோ என்ற பர்மா நூடுல்ஸ் வாங்கிக் கொடுப்பதில் தவறில்லை. காரம் குறைக்கச் சொல்லுங்கள், புட்டித் தண்ணீர் கையில் இருக்கட்டும். பணம் கடன் கொடுக்கவோ வாங்கவோ வேண்டாம். கடைக்காரரிடம் நீங்கள் பேரம் பேசிக் கொடுக்கலாம், தரகு பெறக் கூடாது. தனியாக ஒரு மாலுமியோடு வெளியே போகாமல் குழுவாகவே போங்கள், யாரோடு எங்கே போகிறீர்கள் என்பதை அமைப்பாளரிடமும் வீட்டிலும் சொல்லிவிட்டுப் போங்கள்.

வெயிலும் புயலும்

பகல் பன்னிரண்டிலிருந்து கடற்காற்று வீசத் தொடங்கும் வரை துறைமேடையின் சிமெண்டுத் தரை கொதிக்கும். மணிக்கு ஒரு முறை நிழலுக்குப் போய் வர மாற்று ஆள் ஏற்பாடு இல்லாத பணியை ஏற்காதீர்கள். தலை சுற்றல், வாய் உலர்தல், குமட்டல் ஏதாவது வந்தால் உடனே சொல்லுங்கள். சகித்துக்கொண்டு நின்று மயங்கி விழுபவரால் இரண்டு பேரின் பணி கெடும்.

அக்டோபர் முதல் டிசம்பர் வரை நடக்கும் நிகழ்ச்சியானால் வானிலை அறிக்கையைத் தினமும் பாருங்கள். துறைமுகங்களில் 1 முதல் 11 வரை எண்ணிட்ட புயல் எச்சரிக்கைக் கூண்டுகள் ஏற்றப்படும். பொதுவாக எண் பெரிதானால் ஆபத்தும் பெரிது என்று பொருள். கடும்புயல் வருமானால் கப்பல்களைத் துறைமேடையிலிருந்து அவிழ்த்து ஆழ்கடலுக்கு அனுப்பிவிடுவார்கள். கட்டிய நிலையில் சுவரில் மோதி உடைவதைவிட விரிந்த கடலில் அலையை எதிர்கொள்வது கப்பலுக்குப் பாதுகாப்பு. 2016 டிசம்பரில் வர்தா கரையைக் கடந்ததைப் பார்த்த சென்னைவாசிகளுக்கு இதை விளக்க அதிக நேரம் பிடிக்காது. நிகழ்ச்சி ரத்தானால் வாயிலில் நின்று மக்களிடம் காரணத்தைச் சொல்லித் திருப்பி அனுப்பவும் ஆள் வேண்டும். அந்தப் பணிக்கும் வாருங்கள்.

பணி முடியும்போது

கைமாற்றும் குறிப்பேட்டை எழுதாமல் வீட்டுக்குக் கிளம்பாதீர்கள். எத்தனை பேர் ஏறினார்கள், எத்தனை பேர் இறங்கினார்கள் என்ற இரண்டு எண்களும் ஒத்திருக்க வேண்டும். ஒத்திராவிட்டால் உடனே கப்பலின் பணி அதிகாரியிடம் சொல்ல வேண்டும், மறுநாள் காலையில் அல்ல. கிடைத்த பொருள்கள், சறுக்கிய இடங்கள், பாலத்தில் தளர்ந்திருந்த கயிறு, பதில் சொல்ல முடியாத கேள்விகள், திரும்பி வரச் சொல்லி அனுப்பிய குடும்பங்கள் ஆகியவற்றை நேரத்தோடு எழுதுங்கள். அடையாள அட்டையைத் திருப்பிக் கொடுத்துக் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். நேற்று இடமில்லாமல் திருப்பி அனுப்பப்பட்டவர்கள் இன்று காலையில் வந்தால் யார் அவர்களை முதலில் ஏற்ற வேண்டும் என்பதும் அந்தக் குறிப்பேட்டில் இருக்க வேண்டும். காலைப் பணிக்கு வருபவர் வாயில் திறக்குமுன் அதைப் படித்துவிட்டு, ஏறுபாலத்தின் உருளையையும் கைப்பிடிக் கயிற்றையும் ஒருமுறை தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் வரிசையைத் திறக்க வேண்டும்.